ஜாகிந்தோஸ் தீவு, லகானாஸ்: ஆகஸ்ட் கடைசியில் போகிறோம், என்னென்ன செய்யலாம்?

மதுவந்தி, லண்டன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தோழிகள் நாலு பேர் ஆகஸ்ட் 20 வாக்கில் கிரீஸ் போகிறோம். ஜாகிந்தோஸ் தீவில் லகானாஸ். ஹோட்டல் மெயின் ரோட்டிலேயே கிடைத்தது, விலையும் கட்டுப்படியானது, போட்டுவிட்டோம். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு சேர்ந்து போகும் முதல் பயணம் என்பதால் ஆட்டம் பாட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலெல்லாம் தூங்கித் திரும்பி வர மனசில்லை. கடலில் கிடக்க வேண்டும், தீவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்களில் இருவர் சைவம். ஒருத்தி குடிப்பதில்லை. கார் லைசென்ஸ் என்னிடம் மட்டும்தான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ராத்திரி எங்கே, பகலில் எங்கே, எதைத் தவிர்க்க வேண்டும்? ஆமைகள் வரும் கடற்கரை என்றும் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் தெரிந்தால் நல்லது.

வாசு, லெஸ்டர்

நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் அங்கே போகாமல் எப்போது போவது?

முதலில் இடத்தின் அமைப்பு. கடற்கரையிலிருந்து ஊருக்குள் நேராக ஒரு ரோடு போகும். அதுதான் எல்லாமே. கடல் முனையிலிருந்து இரண்டு பக்கமும் பார், கிளப், கிரோஸ் கடை, பச்சை குத்தும் கடை, டிக்கெட் விற்பவர்கள். உள்ளே போகப் போகச் சத்தம் குறையும். சாயங்காலம் ஏழெட்டு மணிக்குப் பார்த்தால் குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடந்து போவார்கள். பதினொன்றுக்கு மேல்தான் அது வேறு ரோடு ஆகும். கிளப்களில் கூட்டம் சேர நள்ளிரவு தாண்டும். ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டு "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. மதியம் ஒரு நல்ல தூக்கம் போட்டுவிட்டு, சாப்பாட்டை லேட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய அன்றே பார், கிளப்களில் வாரம் முழுக்கச் செல்லும் ரிஸ்ட்பேண்டு வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். வாங்காதீர்கள். முதல் ராத்திரி ரோட்டை ஒரு முறை கடைசி வரை நடந்து, எந்தப் பாட்டு உங்களுக்கு ஒத்து வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே நுழையப் பெரும்பாலான பார்களில் காசே கேட்க மாட்டார்கள். வாசலில் நின்று கூப்பிடுபவர்களிடம் சிரித்துக்கொண்டே "அப்புறம் வருகிறோம்" என்று சொன்னால் போதும், தொல்லை செய்ய மாட்டார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு சொல். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் பல நிறத்தில் ஊற்றி நாலு ஸ்ட்ரா போட்டுத் தருவது பார்க்க நன்றாக இருக்கும். அதில் என்ன ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கண் முன்னால் திறக்கும் பீர், அல்லது பாட்டிலைக் காட்டி ஊற்றும் மது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். குடிக்காத தோழிக்கு ஒரு சங்கடமும் வராது. ஆடுகிற இடத்தில் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஹோட்டல் மெயின் ரோட்டிலேயே என்றால் இப்போதே ஒரு மெயில் போட்டுப் பின்பக்க அறை கேளுங்கள். ரோட்டைப் பார்த்த பால்கனி இருந்தால் விடியும் வரை தூக்கம் கிடையாது.

ராகவன், ஸ்டுட்கார்ட்

வாசு சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் என் கருத்து இது: முடிந்தால் ஹோட்டலை மாற்றுங்கள். தீவின் வடகிழக்கில் சிலீவி, அலிகேஸ் என்று மணல் கடற்கரைகள் இருக்கின்றன. சிலீவியில் பார்களும் உண்டு, இரவில் தூங்கவும் முடியும். பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ போன்றவை வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும். லகானாஸ் வளைகுடாவில் வேகப் படகு விளையாட்டுகளுக்கு இடமில்லை.

நாங்கள் குழந்தைகளோடு போனோம். லகானாஸில் ஒரு சாயங்காலம் இருந்தோம், போதும் என்றாகிவிட்டது. அந்தத் தீவின் அழகு மேற்குப் பக்கத்துப் பாறைகளிலும் மலை ஊர்களிலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரே ரோட்டில் ஒரு வாரத்தைச் செலவழிப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கடலோடி

மதுவந்தி, ஆமை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். மாணவனாக இருந்தபோது அந்த வளைகுடாவில் ஆமைக் கூடுகளைக் காக்கும் தன்னார்வலர்களோடு ஒரு கோடை முழுக்க வேலை செய்தவன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லகானாஸ் வளைகுடா, மத்தியதரைக் கடலில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் மிக முக்கியமான இடங்களில் ஒன்று. கரெட்டா கரெட்டா என்று ஊரே அதைக் கூப்பிடும், கடைப் பெயர்களில்கூடப் பார்ப்பீர்கள். வளைகுடாவைச் சுற்றி அவை முட்டையிடும் ஆறு மணல் கரைகள்: கெராகாஸ், தாப்னி, செகானியா, கலமாகி, கிழக்கு லகானாஸ், அப்புறம் மரத்தோனீசி என்ற குட்டித் தீவு. 1999-ல் இதையெல்லாம் சேர்த்துத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். செகானியாவில் மனிதர்கள் காலே வைக்கக் கூடாது. மற்றவற்றில் பகலில் போகலாம்.

ஜூன், ஜூலையில் பெண் ஆமைகள் இரவில் கரையேறிக் குழி தோண்டி நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரிக்கும். அதாவது நீங்கள் போகிற ஆகஸ்ட் கடைசி, குஞ்சுகள் வெளியே வரும் காலம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மணல் சூடு தணிந்த இரவில் ஒன்றையொன்று முட்டித் தள்ளி மேலே வரும். வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். மனிதர்கள் இல்லாத கரையில் அது கடல்தான், நட்சத்திர வெளிச்சம் தண்ணீரில் விழுவதால். லகானாஸில் அது உங்கள் மெயின் ரோடு.

விடிகாலையில் நாங்கள் கூடுகளைப் பார்த்துக்கொண்டு நடப்போம். நல்ல கூடு என்றால் குட்டித் தடங்கள் விசிறி போல விரிந்து கடலுக்குள் இறங்கும். விளக்கு வெளிச்சம் விழுந்த கூட்டின் தடங்கள் அப்படி இருக்காது. வட்டமடிக்கும், திரும்பும், ஊர்ப் பக்கம் போய் ஒரு புதரடியில் முடியும். தடம் முடிகிற இடத்தில் குஞ்சு காய்ந்து கிடக்கும். இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தத் தடங்கள்தான்.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவே. கூடு வைக்கும் பகுதிகளில் மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு வரை மணலில் இறங்காதீர்கள். சட்டமும் அதுதான். பகலில் குடையை ஈர மணல் பக்கமாக நடுங்கள். மேலே உலர்ந்த மணலில் கம்பியைக் குத்தினால் அடியில் முட்டை இருக்கலாம், அரை மீட்டர் ஆழம்கூட இருக்காது. மணலில் பள்ளம் தோண்டினால் கிளம்பும்போது மூடிவிடுங்கள். குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. கம்புகளை நட்டு அடையாளம் வைத்திருக்கும் கூடுகளின் பக்கம் நெருங்காதீர்கள்.

மதுவந்தி

நன்றி கடலோடி. இது எதுவுமே எனக்குத் தெரியாது. இரண்டு சந்தேகம். ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் கடற்கரையிலும் ராத்திரி போகக் கூடாதா? பார்கள் மணலை ஒட்டியே இருப்பதாகப் படங்களில் பார்த்தோம். இன்னொன்று, ஆமை பார்க்கப் படகுச் சவாரி என்று விற்கிறார்களே, அதில் போவது சரியா?

கடலோடி

மெயின் ரோடு கடலைத் தொடும் இடத்தில் பார்கள் இருக்கின்றன, அங்கே இரவிலும் ஆட்கள் இருப்பார்கள். அங்கே உட்காருவதில் தவறில்லை. அங்கிருந்து கடலைப் பார்த்து இடது பக்கம், கலமாகியை நோக்கிப் போகப் போகக் கூடு வைக்கும் பகுதி வரும், பலகை வைத்திருப்பார்கள். "சும்மா கொஞ்ச தூரம் மணலில் நடந்துவிட்டு வரலாம்" என்று கிளம்பி, போன் டார்ச்சை அடித்துக்கொண்டே அங்கே போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

படகு பற்றி: போகலாம், ஆனால் பார்த்துப் போக வேண்டும். பூங்காவில் மூன்று மண்டலங்கள் உண்டு. கெராகாஸ், செகானியா, தாப்னி முன்னால் இருக்கும் கடலில் மே முதல் அக்டோபர் வரை படகுக்கே அனுமதி இல்லை. மற்ற இரண்டு மண்டலங்களிலும் 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஆமை மூச்சுவிடத் தலை தூக்கும் நேரத்தில் வேகப் படகு வந்தால் ஓடு பிளந்துவிடும். நல்ல படகுக்காரர் ஆமையைக் கண்டதும் இன்ஜினைத் தணித்து விலகி நிற்பார், சில நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். மோசமானவர் அதைத் துரத்துவார். ஒரே ஆமையைச் சுற்றி நாலைந்து படகு நிற்பதைப் பார்த்தால் உங்கள் படகுக்காரரிடம் "வேண்டாம், போகலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டையிட வந்த பெண் ஆமைகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் கடைசிக்குள் திரும்பிப் போய்விடும். அங்கேயே தங்கும் சில ஆமைகள் இருக்கின்றன, அகியோஸ் சோஸ்திஸ், கெரி பக்கம் பார்க்கக் கிடைக்கும். "கட்டாயம் காட்டுகிறோம்" என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீந்தும்போது எதிரே வந்தால் அசையாமல் மிதந்து வழிவிடுங்கள். தொடாதீர்கள், தீனி போடாதீர்கள். நண்டு ஓட்டை நொறுக்குகிற தாடை அதற்கு.

வாசு, லெஸ்டர்

கடலோடி எழுதியதை முழுசாகப் படித்தேன். தடம் பற்றிச் சொன்னது மனசைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரி இழைகளில் அந்த ரோட்டுக்காரர்களை எல்லாரும் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். அந்தக் கடைகளை நடத்துபவர்கள் பலர் அந்தந்த ஊர்க் குடும்பங்கள். மே முதல் அக்டோபர் வரை வருவதை வைத்து வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள். என்னோடு பழகிய ஒரு பார்க்காரரின் தாத்தா அதே நிலத்தில் திராட்சை காயவைத்தவர். ஆமைக்காக இங்கே கட்டாதே, அங்கே விளக்குப் போடாதே என்று சொன்னபோது நஷ்டம் அவர்களுக்குத்தான்.

கடலோடி

வாசு, நியாயமான பேச்சு. செகானியா ஒட்டிய நிலத்தை 1994-ல் உலக வனவிலங்கு நிதியத்தின் கிரேக்கக் கிளை காசு கொடுத்து வாங்கியது. காப்பாற்ற வேண்டுமென்றால் அப்படி விலை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணமும். மற்ற கரைகளின் நில உரிமையாளர்களுக்கு ஈடு கொடுப்பது பற்றிய சண்டை பல வருஷம் நடந்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் அரசாங்கம் செய்யாமல் விட்டதும் உண்டு. 2002 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது, ஜாகிந்தோஸில் இந்த ஆமைகளைக் காக்கத் தேவையானதைச் செய்யவில்லை என்று. முட்டையிடும் மணலில் மொபெட் ஓட்டியது, அருகே மிதிபடகும் சிறு படகும் விட்டது எல்லாம் அந்த வழக்கில் வந்தது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ தேவலை. மத்தியதரைக் கடல் முழுக்கப் பார்த்தால் இந்த ஆமைகளின் எண்ணிக்கை தேறிவருகிறது. 2015-ல் அழியும் ஆபத்தில் இருக்கும் உயிர்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியலில் கவலை குறைந்த வகைக்கு மாற்றினார்கள். அதோடு ஒரு குறிப்பும் உண்டு: காக்கும் வேலை தொடர்ந்தால்தான் இந்த நிலை நீடிக்கும். அந்த வேலையை நிறுத்தாமல் செய்துவருவது 1983-ல் தொடங்கிய ஆர்கெலோன் சங்கம். கோடையில் கடற்கரையில் அவர்களுடைய தன்னார்வலர்கள் நிற்பார்கள். ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள், நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

மதுவந்திக்கு என் யோசனை: ஒரு நாள் காலை கெராகாஸ் போங்கள். வாசிலிகோஸ் முனையின் கோடியில் இருக்கிறது. ஏழு மணிக்குத் திறப்பார்கள். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் சீக்கிரம் போவது நல்லது. பின்னால் களிமண் குன்று. அந்த மண்ணைக் கரைத்து உடம்பில் பூசிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. குன்று கரைந்துபோகிறது என்று தடை செய்திருக்கிறார்கள். தண்ணீர், தின்பண்டம் எடுத்துப் போங்கள், மணலில் கடை கிடையாது. முதல் நாள் இரவு குஞ்சுகள் பொரித்திருந்தால் தடங்களை நீங்களே பார்ப்பீர்கள்.

யாழினி, பாரிஸ்

சைவச் சாப்பாடு பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை, அதனால் நான் சொல்லுறன். நான் சைவம், பிள்ளைகளும் சைவம். கிரீஸில் பட்டினி கிடக்க வேண்டி வரவில்லை. அங்கே மரபான கிறிஸ்தவர்கள் வருசத்தில் கனநாள் விரதம் பிடிக்கிற ஆட்கள். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முன் இரண்டு கிழமை இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடமாட்டினம். அதனால் அப்படிச் சமைக்க அவர்களுக்கு நல்லாத் தெரியும். 'நிஸ்தீசிமோ' இருக்கா என்று கேளுங்கோ, உடனே விளங்கிவிடும். கணவாய், இறால் விரதத்தில் சேர்த்தி என்பதால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ.

கெமிஸ்தா என்று தக்காளி, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்து அவனில் வேகவைத்தது. சில கடையில் அதற்குள் இறைச்சி போடுவினம், கேட்டுப்போட்டு வாங்குங்கோ. பிரியாம் என்று கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பூசணி வகை எல்லாம் ஒலிவ் எண்ணெயில் வேகவைத்தது. கிகாண்டெஸ் என்று பெரிய வெள்ளை அவரை, தக்காளிக் குழம்பில். ஜாகிந்தோஸுக்கே உரியது ஸ்கோர்தோஸ்தூம்பி: கத்தரிக்காய், தக்காளி, வினாகிரி, உள்ளி அள்ளிப் போட்டது. உள்ளி பிடிக்கிற ஆட்களுக்குச் சொர்க்கம். இது மெயின் ரோட்டில் கிடைக்காது. கலமாகி போற வழியிலோ, உள்ளே லித்தாகியா, முஸாகி மாதிரி ஊர்களிலோ ஒரு வீட்டுக் கடையாப் பார்த்து இருங்கோ. மெனு அட்டையில் படம் போட்டிருக்காத கடையாப் பாருங்கோ.

இனிப்பு என்றால் மந்தொலாத்தோ. தேன், முட்டை வெள்ளை, பாதாம் போட்ட மிட்டாய். எள்ளும் தேனும் போட்ட பஸ்தேலி எங்கட எள்ளுப்பாகு மாதிரியேதான், ஊருக்குக் கொண்டுபோக நல்லது. குழாய்த் தண்ணி உப்புச்சுவை, போத்தல் தண்ணி வாங்குங்கோ.

மேகலா, மான்செஸ்டர்

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். கோடையில் தீவுகளிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். நாலு சக்கர குவாட் பைக்கைத் தொடாதீர்கள். லகானாஸில் முக்குக்கு முக்கு வாடகைக்குக் கிடைக்கும். நாலு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று தோன்றும். வளைவில் அது சட்டென்று சாயும், உருண்டு மேலே விழும். ஜாகிந்தோஸ் மலை ரோடுகள் குறுகல், ஓரத்தில் சரளை. பலபேர் வாங்கும் பயணக் காப்பீட்டில் குவாடுக்கு இடமே கிடையாது. காப்பீட்டுக் காகிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உங்களிடம் கார் லைசென்ஸ் இருக்கிறதே, ஒரு சின்னக் கார் எடுத்து நாலு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவு குடித்திருந்தால் காலையில் ஓட்ட வேண்டாம். எடுக்கும்போது காரைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவர்களிடம் ஒரு வாடகைக் கடைக்காரர் பழைய கீறலுக்குக் காசு கேட்டு, வீடியோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

அவசரத்துக்கு எண் 112. நாலு பேரும் போனில் இடம் பகிர்வதைப் போட்டுவிடுங்கள். யாரும் தனியாக அறைக்குத் திரும்பக் கூடாது என்று கிளம்புமுன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருத்திக்குத் திடீரென்று அளவுக்கு மீறித் தள்ளாடினால், அவள் குடித்தது கொஞ்சம்தான் என்று உங்களுக்குத் தெரிந்தால், தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ராகவன், ஸ்டுட்கார்ட்

கார் எடுப்பதென்றால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலை மாற்றாவிட்டால் பரவாயில்லை, இரண்டு நாளாவது வெளியே வாருங்கள்.

ஒரு நாள் தெற்கும் மேற்கும். லகானாஸிலிருந்து கெரி ஏரி என்கிற சின்னத் துறைக்குப் போங்கள். பெயரில்தான் ஏரி, இப்போது அது கரையோரச் சதுப்பு. அங்கே நிலத்திலிருந்து கீல் (தார் மாதிரி கறுப்புக் குழம்பு) ஊறும் கிணறு ஒன்று உண்டு. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது, கம்பு நுனியில் செடிக்கொத்தைக் கட்டி ஏரிக்குள் விட்டுக் கீல் எடுப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகவே எழுதியிருக்கிறார். கப்பலுக்குப் பூசுகிற கீல். என் மகன் குச்சியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நகர மறுத்துவிட்டான்.

அதே துறையில் சின்ன மோட்டார் படகு வாடகைக்குக் கிடைக்கும். 30 குதிரைத்திறன் வரை கிரீஸில் லைசென்ஸ் கேட்பதில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்து, எல்லை போட்ட வரைபடமும் தருவார்கள். கெரி குகைகளுக்குள் மெதுவாகப் போய்வரலாம். காற்று இருந்தால் வேண்டாம். பிறகு மேலே கெரி கலங்கரை விளக்கம், சூரியன் மறைவதைப் பார்க்க. மேற்குக் கரையில் போர்த்தோ லிம்னியோனாஸ் என்று பாறைக்குள் கடல் நுழைந்த இடம். மணலே இல்லை, பாறையிலிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

இன்னொரு நாள் வடக்கு. ஸ்கினாரி முனையில் நீலக் குகைகள், காலை வெளிச்சத்தில் போக வேண்டும். திரும்பும் வழியில் க்சிகியா: கந்தக ஊற்று கடலில் கலக்கும் சின்னக் கரை. வாசனை கெட்ட முட்டைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

சின்னவன்

அந்தக் கப்பல் கரைதட்டி நிற்கிற கடற்கரை இருக்கிறதே, படத்தில் எல்லாம் வருமே, அதை யாரும் சொல்லவில்லையே?

ராகவன், ஸ்டுட்கார்ட்

நவாகியோ. 1980-ல் பனகியோதிஸ் என்ற சரக்குக் கப்பல் அங்கே தட்டி நின்றது. பின்னாலிருக்கும் பாறைச் சுவர் சரிந்துகொண்டிருப்பதால் 2023-லிருந்து மணலில் இறங்க விடுவதில்லை. படகிலிருந்து தள்ளி நின்று பார்க்கலாம். மேலே மலையுச்சியில் பார்வை மேடை இருக்கிறது. வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். கூடவே போகாதீர்கள், விழுந்து இறந்தவர்கள் உண்டு. அப்போதைய அறிவிப்பைச் சரிபார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள், "இறங்கலாம்" என்று சொல்லி டிக்கெட் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஏடு, கோவை

20-ம் தேதி வாக்கில் போகிறீர்கள் என்று பார்த்தவுடன் எழுதத் தோன்றியது. ஆகஸ்ட் 24 அந்தத் தீவின் காவலர் புனித தியோனீசியோஸின் திருநாள். அன்று ஜாகிந்தோஸ் நகருக்குக் கட்டாயம் போங்கள். அவருடைய உடலைத் தேவாலயத்திலிருந்து எடுத்துத் தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோவார்கள். பாண்டு வாத்தியம், துறைமுகம் ஓரமெல்லாம் கூட்டம், தின்பண்டக் கடைகள். ரவையில் செய்து எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பித்தூரா விழாக் கடைகளில்தான் கிடைக்கும், சைவம்தான். இந்தப் புனிதரின் சகோதரனைக் கொன்றவன் அவரிடமே அடைக்கலம் கேட்டு வந்தபோது, அவனை மறைத்துத் தப்பவைத்தார் என்று அங்கே சொல்வார்கள். தீவில் ஆண்களில் பாதிப்பேர் தியோனீசியோஸ்தானோ என்று தோன்றும். கிரேக்க தேசிய கீதத்தை எழுதிய சொலொமோஸும் இங்கே 1798-ல் பிறந்த தியோனீசியோஸ்தான்.

நகரம் பழையதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் 1953-க்குப் பின் கட்டியது. அந்த வருஷம் ஆகஸ்டில் வந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரையே அழித்துவிட்டன. தப்பிய சிலவற்றில் இந்தப் புனிதரின் தேவாலயமும் ஒன்று. உள்ளே போக முழங்காலும் தோளும் மூடிய உடுப்பு வேண்டும்.

இன்னொரு இடமும் சொல்கிறேன், விளம்பரத்தில் வராது. நகரில் யூதக் கோயில் இருந்த இடத்தில் இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒருவர் மேயர் லூகாஸ் காரெர், மற்றவர் ஆயர் கிறிசோஸ்தோமோஸ். ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில் தீவின் யூதர் எல்லாருடைய பெயரையும் எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்த தாளில் இரண்டே பெயர்: அவர்கள் இருவருடையது. அதற்குள் யூதக் குடும்பங்களை மலை ஊர்களில் வீடுவீடாக ஒளித்துவிட்டார்கள். 275 பேர், ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு தீவே சேர்ந்து வாய் திறக்காமல் இருந்தது. போனால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பிறகு பொகாலி மேட்டுக்கு ஏறினால் நகரமும் துறைமுகமும் காலடியில். அங்கே சில சாப்பாட்டுக் கடைகளில் கிதாரோடு சேர்ந்து கந்தாதா பாடுவார்கள், இத்தாலி வாடை அடிக்கும் பழைய பாட்டு. வெனிஸ் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட தீவு அல்லவா.

மதுவந்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நாலு பேரும் போனில் உட்கார்ந்து இந்த இழையை முழுசாகப் படித்தோம். பின்பக்க அறைக்கு மெயில் போட்டாயிற்று, கிடைத்தும்விட்டது. முதல் இரண்டு ராத்திரி மெயின் ரோடு. நாலாம் நாள் காலை கெராகாஸ், அதனால் அதற்கு முந்தின இரவு சீக்கிரம் படுக்கை. 24 அன்று நகரம். கார் இரண்டு நாளைக்கு மட்டும்: ஒரு நாள் கெரி, ஒரு நாள் வடக்கு. குவாட் கிடையாது. கடைசி ராத்திரி திரும்ப மெயின் ரோடு. ஸ்கோர்தோஸ்தூம்பி தேடும் பொறுப்பு சைவக்காரிகள் இருவருடையது.

ஒரே கேள்வி பாக்கி. கார் இல்லாத நாட்களில், முக்கியமாக 24 இரவு, நகரத்திலிருந்து லகானாஸுக்கு எப்படித் திரும்புவது?

வாசு, லெஸ்டர்

பகலில் கே.டி.இ.எல் பஸ் லகானாஸுக்கும் நகருக்கும் அடிக்கடி உண்டு, தூரமும் அதிகமில்லை. டிக்கெட் மலிவு. தீவில் எந்தப் பக்கம் போகவும் பஸ் என்றால் நகரத்துக்கு வந்து மாற வேண்டும், அதனால்தான் வடக்குக்குக் கார். இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பஸ் நிலையத்துப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழா அன்று துறைமுக ஓரம் ரோடு அடைப்பார்கள், டாக்ஸி கிடைக்க நேரமாகும். ஹோட்டலில் சொல்லி முன்கூட்டியே ஒரு டாக்ஸி பேசி, சொலொமோஸ் சதுக்கத்திலிருந்து தள்ளி ஒரு இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். நாலு பேர் பங்கு போட்டால் பெரிய தொகை வராது.

கடலோடி

டாக்ஸியில் கலமாகி வழியாக வந்தால் அப்படியே ஹோட்டல் வாசலில் இறங்குங்கள். மணல் வழியாகக் குறுக்கே நடக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அந்த நேரத்துக்கு அது அடைத்த பகுதி. போய் வந்து கெராகாஸில் என்ன பார்த்தீர்கள் என்று இதே இழையில் எழுதுங்கள். எத்தனை கூடு பொரித்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.